நின்று கேள் என்று எழுதியவள்

ஒரு சுத்தியலைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? ஆணி அடிக்க உதவும், பிடி மரம், தலை இரும்பு என்று எழுதுவீர்கள். பக்கத்தில் கண்ணாடி இருந்தால் பார்த்து அடி என்று எழுத மாட்டீர்கள். படிக்கிறவன் மனிதன், அந்த அளவு புத்தி அவனுக்கு இருக்கும் என்ற நம்பிக்கை. நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் வேலையில் அந்த நம்பிக்கையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நாம் எழுதுவதைப் படிக்கப்போவது ஏஜென்ட். சொன்ன வேலைக்கு நிரல் எழுதி, கோப்புகளைத் திருத்தி, தானாகவே ஓட்டியும் பார்த்துவிடுகிற ஏஐ ஏஜென்ட். அதன் கையில் நாம் சில கருவிகளைக் கொடுக்கிறோம். தேட ஒன்று, எழுத ஒன்று, அழிக்க ஒன்று. எந்த நேரத்தில் எதை எடுப்பது என்று அதற்குச் சொல்வது, ஒவ்வொரு கருவிக்கும் மேலே நாம் எழுதி வைக்கிற சின்ன விளக்கம்தான். அந்த விளக்கம் ஏஜென்ட்டைச் சரியான வழியில் கொண்டுபோகிறதா என்று பரீட்சை வைத்துப் பார்ப்பது நம் பிழைப்பு.

பரீட்சை எப்படி வைப்பது, எதில் ஓட்டுவது, அட்டவணை எப்படிப் போடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் வேலையை முடித்துக்கொண்டு விளாங்குடியில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது நாலு நல்ல வார்த்தை, ரெண்டு சிரிப்பு. எனக்குச் சிரிக்கவும் தெரியும். ஆனால் இந்த வேலையை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹேமலதாதான். அவளைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது உங்களை ஏமாற்றுவதாகும்.

ஹேமாவும் நானும் பழைய ஆட்கள். ஏஜென்ட் எல்லாம் வருவதற்கு முன்பு, மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கிற டெஸ்டிங் பிரிவில் ஒன்றாக இருந்தோம். அவள் மதுரையில் மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா இல்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் அவளும்தான். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவாள், எங்களிடம் மதுரைத் தமிழ், வேலையில் எழுதுவது ஆங்கிலம். சின்ன வயதிலிருந்தே ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, தான் சொன்னது எதிராளிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. இந்த வேலைக்கு அந்தச் சந்தேகத்தைவிடப் பெரிய தகுதி கிடையாது.

நாங்களெல்லாம் விளக்கத்தை எழுதிவிட்டு நாங்களே ஒரு முறை படித்துத் தலையாட்டிக்கொள்வோம். நமக்குத்தான் கருவி என்ன செய்யும் என்று தெரியுமே, விளக்கத்தில் விட்டுப்போனதை மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். ஹேமா அப்படி விட மாட்டாள். கணக்குப் பிரிவிலிருந்து தண்ணீர் குடிக்க வருகிறவரைப் பிடித்து நிறுத்தி, இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பாள். அவர் உளறுவார். அந்த உளறலைக் கேட்டுவிட்டு வந்து ஒரு வரியை மாற்றுவாள். அவளைப் பார்த்ததும் ஆட்கள் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போகிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள், அடுத்த ஆளைத் தேடிப் போவாள்.

நான் சொல்ல வந்தது அவள் எழுதிய ஒரே ஒரு விளக்கத்தைப் பற்றி. சேமிப்பிடத்தைக் காலி செய்யும் கருவி அது. எந்த இடத்தோடு இணைந்திருக்கிறதோ அந்த இடத்தில் இருப்பதைத் துடைத்துவிடும். பழகிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் நகலோடு இணைந்திருந்தால் நகல் போகும். அசலோடு இணைந்திருந்தால் அசல் போகும். ஹேமா விளக்கத்தின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இப்போது இணைந்திருப்பது அசலா நகலா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அழிக்காதே, நின்று, வேலை கொடுத்தவரிடம் கேள்.

அவள் இதை எழுதிய அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். மற்ற விளக்கமெல்லாம் கருவி என்ன செய்யும் என்று சொல்லும்போது இது மட்டும் ஏஜென்ட்டுக்குப் புத்தி சொல்கிறதே, இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டா என்னண்ணே கொறஞ்சு போகும்? அழிச்சுட்டா வருமா?" என்றாள்.

வரி அப்படியே இருந்தது.

இனி மதிப்பெண் கதைக்கு வர வேண்டும். எங்கள் குழுவுக்குத் தலைவன் பிரபு. என்னைவிட வயதில் மிகவும் சின்னவன், நல்லவன், எப்போதும் அவசரத்தில் இருப்பவன். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை அண்ணே என்பான். ஏஜென்ட் எதற்கெடுத்தாலும் நின்று நின்று கேள்வி கேட்கிறது, இதற்கு நாங்களே வேலையைச் செய்துவிடலாமே என்று வாடிக்கையாளர்கள் சிலர் புலம்பினார்கள். அது நியாயமான புலம்பல்தான். கோப்பைத் திறக்கட்டுமா, மூடட்டுமா என்று கேட்கிற ஏஜென்ட்டை யாருக்குப் பிடிக்கும்? அதனால் பிரபு பரீட்சைக்கு ஒரு விதி வைத்தான். யாரையும் கேட்காமல் வேலையை முடித்தால் மதிப்பெண். முடிக்காமல் நின்றால் பூஜ்யம்.

விதியைச் சொன்ன கூட்டத்தில் ஹேமா ஒருத்திதான் வாய் திறந்தாள். தப்பாகச் செய்தாலும் பூஜ்யம், நின்று கேட்டாலும் பூஜ்யம் என்றால் இரண்டும் ஒன்றா என்று கேட்டாள். பிரபு, சரியான கேள்வி, அடுத்த சுற்றில் பிரித்துவிடலாம் என்றான். அப்போது அவன் மனதார நினைத்துத்தான் சொன்னான். ஆனால் அடுத்த சுற்றில் வேறு அவசரம் வந்தது, அதற்கடுத்ததில் இன்னொன்று. அலுவலகத்தில் ஒரு விஷயம் சாவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே சமயத்தில் இன்னொன்றும் வந்தது. விளக்கங்களை மனிதர்கள் உட்கார்ந்து திருத்துவது நேரம் பிடிக்கிறது என்று, திருத்துவதற்கும் ஒரு ஏஐயை வைத்தார்கள். பரீட்சையில் எங்கெங்கே மதிப்பெண் போனது என்று பார்த்து அது விளக்கத்தை மாற்றி எழுதும். மறுபடி பரீட்சை ஓடும். மதிப்பெண் ஏறினால் புதிய விளக்கம் நிற்கும், இறங்கினால் பழையது நிற்கும். இப்படிப் பல சுற்று போய், கடைசியில் வருவதற்குப் பிரபு ஒப்புதல் கொடுப்பான். நாங்கள் அதற்கு எடிட்டர் என்று பெயர் வைத்தோம். எந்த விளக்கத்துக்கு யார் பொறுப்போ அவர் பெயரிலேயே எடிட்டரின் திருத்தமும் பதிவாகும். ஹேமாவின் விளக்கத்தை அது திருத்தினால், ஹேமா திருத்தியதாகத்தான் சிஸ்டம் சொல்லும். அமைத்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை.

அந்தச் சமயம் என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன். நான் நீண்ட விடுப்பில் போனேன். ஆஸ்பத்திரி, மாத்திரை, நடைப்பயிற்சி என்று இருந்ததில் அலுவலகம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. திரும்பிப் போன அன்று ஹேமாவின் நாற்காலி காலியாக இருந்தது. லீவா என்று கேட்டேன். யாரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பிரபு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், பசுமலை அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தி, நடந்ததைச் சொன்னான்.

ஆனையூரில் ஒரு மாடியில் நடக்கிற சின்ன நிறுவனம். போட்டோ ஸ்டுடியோக்களுக்கு ஆல்பம் மென்பொருள் செய்து கொடுக்கிறவர்கள். நம் கருவிகளை வாங்கித் தங்கள் ஏஜென்ட்டோடு இணைத்திருந்தார்கள். அங்கே ஒரு பையன், பழசையெல்லாம் துடைத்து இடம் பண்ணிக் கொடு என்று ஏஜென்ட்டிடம் சொல்லியிருக்கிறான். அவன் நினைத்தது நகலை. அந்த நேரம் இணைந்திருந்தது அசல். ஏஜென்ட் நிற்கவில்லை, கேட்கவில்லை. ஒரு ஸ்டுடியோவின் முகூர்த்த சீசன் படங்கள் மொத்தமும் போய்விட்டன. நகலில் இருந்தது பழகிப் பார்க்கும் மாதிரிப் படங்கள்தான், பாதுகாப்புக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைத்ததும் பாதியோடு நின்றிருந்தது.

போனதில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த படம் ஸ்டுடியோக்காரரிடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண் ஆல்பம் வாங்க வந்து, விஷயம் தெரிந்ததும், மற்ற படம் எதுவும் வேண்டாம், அப்பா நிற்கிற அந்த ஒன்றை மட்டும் எப்படியாவது எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே நின்றாளாம். ஸ்டுடியோக்காரர் அதை ஆனையூரில் சொன்னார், ஆனையூர்க்காரர்கள் எங்கள் மேலாளரிடம் சொன்னார்கள், மேலாளர் கூட்டம் போட்டு எல்லாருக்கும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அந்த அறையில் இருந்த யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. எனக்கும் இருந்திருக்காது.

விளக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். நின்று கேள் என்ற வரி அதில் இல்லை. யார் எப்போது என்ன திருத்தினார்கள் என்ற பதிவைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் இருந்திருக்கிறது, பிறகு நீக்கப்பட்டிருக்கிறது, நீக்கியவர் பெயர் ஹேமலதா என்று இருந்தது. எடிட்டர் எழுதுவதும் அதே பெயரில்தான் விழும் என்பது அந்த அறையில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. பெரிய திரையில் அவள் பெயரைப் போட்டுக் காட்டினார்கள்.

"அவ என்ன சொன்னா மாப்ள?" என்று கேட்டேன்.

பிரபு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்புறம், 'அப்ப நானாத்தான் இருக்கும்'னாக."

மறுநாள் அவளிடம் ராஜினாமாவை எழுதி வாங்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, அவள் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை விடவில்லை. தப்புச் செய்தவள் என்று மற்றவர்கள் சொல்வது ஒன்று. அவளே அதை நம்பிவிட்டாள் என்றால் அந்த மணப்பெண்ணின் துக்கமும் அவள் தலையில்தான் விடியும். அன்றே போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன். பிறகு அந்த எண் அணைத்தே கிடந்தது.

அவள் நீக்கியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்பது அலுவலகத்தில் செல்லுபடியாகாது. சிஸ்டத்தில் பெயர் இருக்கிறது, நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். யார் நீக்கியது என்று தேடிப் போனால் அந்தப் பெயரில்தான் போய் முட்டும். அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். இந்தப் பரீட்சையும் இந்த விதியும் இருக்கும்போது, அந்த வரி உயிரோடு இருக்க முடியுமா? இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். ஒரு விபத்து நடந்தால் ஆளைத் தேடும் முன், நம் மதிப்பெண் எதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது என்று பாருங்கள்.

மேலாளரிடம் போய், இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, பொறுமையாகப் பேசினார். ஊழியர் ஒருவர் செய்த தவறு, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று ஆனையூருக்குப் பதில் போய்விட்டது. அவர்களும் ஏற்றுக்கொண்டு, நம்மோடு தொடர்வதாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது போய், தவறு ஊழியரிடம் இல்லை, எங்கள் பரீட்சையே கோணல் என்று சொன்னால் நம் கருவிகளை வாங்கியிருக்கிற எல்லாரும் கேள்வி கேட்பார்கள், இந்தக் குழுவே இருக்குமா என்பது சந்தேகம் என்றார். உங்களுக்கு ஓய்வு பெறும் நேரம், நிம்மதியாகப் போங்களேன் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் பயமுறுத்தல் இல்லை, உண்மைதான் இருந்தது. குழுவில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், போன மாதம் குழந்தை பெற்றவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஒருத்தியின் பெயருக்காக இத்தனை பேரை ஆட்டம் காண வைக்கலாமா என்று நானும் யோசித்தேன். கடைசியில் எனக்குப் பட்டது இதுதான்: அந்த விதி இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் எடிட்டர் எங்கோ ஒரு விளக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அடுத்த ஸ்டுடியோ எது என்று நமக்குத் தெரியாது. இதை அவரிடம் சொன்னேன். ஹேமாவுக்காகப் பேசியபோது மசியாதவர் அடுத்த ஸ்டுடியோ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்து பாருங்கள், ஆனால் முடிவை முதலில் என்னிடம் மட்டும் காட்டுங்கள் என்றார்.

பிரபு என்னோடு உட்கார்ந்தான். நான் கூப்பிடவில்லை, அவனாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். முதலில் ஹேமா எழுதிய விளக்கத்தை அவள் வரியோடு அப்படியே வைத்தோம். ஆனையூர்ப் பையன் சொன்ன அதே வார்த்தைகளில் வேலையைக் கொடுத்தோம். நாங்கள் பரீட்சைக்கு எழுதும் வேலைகள் எப்போதும் சுத்தமாக, விளக்கத்திலிருந்தே சொற்களை எடுத்து எழுதியதாக இருக்கும். நிஜத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பழசைத் தூக்கு, இடம் பண்ணு என்றுதான் எழுதுவார்கள். அதே மாதிரி வேறு வேறு விதமாகவும் சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஏஜென்ட் கருவியை எடுத்தது, அந்த வரியைப் படித்தது, நின்றது. இணைந்திருப்பது அசல் போலத் தெரிகிறது, இதை அழிக்கலாமா, அல்லது நீங்கள் சொல்வது நகலையா என்று கேட்டது. வரியை எடுத்துவிட்டு ஓட்டினோம். நிற்கவே இல்லை. துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று பணிவாகச் சொன்னது.

அதன் பிறகு வரியைத் திரும்ப வைத்து, எடிட்டரை அவிழ்த்துவிட்டோம். பழைய விதிதான், கேட்டால் பூஜ்யம். முதல் சுற்றில் எடிட்டர் வரியைச் சுருக்கியது. அடுத்ததில், முடிந்தால் உறுதி செய்துகொள் என்று மென்மையாக்கியது. கொஞ்ச நேரத்தில் வரி காணாமல் போனது. மதிப்பெண் ஏறியது. திரையின் ஓரத்தில், திருத்தியவர் ஹேமலதா என்று வந்தது.

அவள் வேலையை விட்டுப் போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அவள் பெயர் அங்கே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தது. பிரபு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். இன்னொரு முறை ஓட்டு என்றேன். ஓட்டினான். மறுபடியும் அதே. வேறு கருவிகளின் விளக்கங்களை வைத்து ஓட்டினோம். எங்கெல்லாம் நில், கேள், பார் என்று யாராவது அக்கறையோடு எழுதி வைத்திருந்தோமோ அங்கெல்லாம் எடிட்டர் போய் வழித்து எடுத்திருந்தது. அதைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் எதற்கு மதிப்பெண் கொடுத்தோமோ அதைத்தான் அது செய்தது.

"நான்தாண்ணே அப்ரூவல் குடுத்தேன்," என்றான் பிரபு. "ஸ்கோரு ஏறியிருந்துச்சு. நம்பரைப் பாத்தேன், வரியப் படிக்கல."

நீங்கள் படியுங்கள். இந்த வேலையில் நான் தரக்கூடிய ஒரே யோசனை அதுதான். மதிப்பெண் ஏறினால் சந்தோஷப்படுங்கள், பிறகு உட்கார்ந்து, புதிய விளக்கத்தில் என்ன இருக்கிறது என்பதோடு பழையதிலிருந்து என்ன போயிருக்கிறது என்பதையும் படியுங்கள். தெரியாமல் நின்று கேட்டதையும் தெரிந்த மாதிரி அழித்ததையும் ஒரே பூஜ்யத்தில் போடாதீர்கள். தேவையில்லாமல் கேட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், தேவையான இடத்தில் கேட்டதற்குக் கொடுங்கள். இரண்டையும் பிரிப்பது கஷ்டம்தான், ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தக் கஷ்டத்துக்குத்தான் நமக்குச் சம்பளம்.

மேலாளர் முடிவுகளைப் பார்த்தார். அன்றே விதியை மாற்றச் சொன்னார். எடிட்டரின் திருத்தம் எடிட்டரின் பெயரிலேயே பதிய வேண்டும் என்றார். ஹேமாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாம், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றார். ஆனையூருக்கு எழுதிய பதிலைத் திருத்தி அனுப்பலாமே என்றேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தெரிந்து அது இன்றுவரை அனுப்பப்படவில்லை. அந்த ஸ்டுடியோக்காரருக்கும், அப்பா படத்தைக் கேட்டு நின்ற அந்தப் பெண்ணுக்கும், இது யாரோ ஒருத்தியின் கைத்தவறாகவே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஹேமாவின் வீட்டுக்குப் போனேன். மகாலுக்குப் பின்னால் குறுகலான தெரு, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். அவளுடைய அம்மாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த மொழி எனக்குப் புரியாது. ஆனால் அவர் குரலில் வரவேற்பு இல்லை என்பது புரிந்தது. ஹேமா வந்தாள். மெலிந்திருந்தாள். எப்போதும் முதலில் என்னைக் கிண்டல் செய்கிறவள், வாங்கண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு, மதினிக்குக் கால் எப்படி இருக்கு என்று விசாரித்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நீ எடுக்கலம்மா, எடிட்டர்தான் எடுத்துச்சு என்று சொல்லி, மடிக்கணினியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினேன். வரி சுருங்கியதை, மென்மையானதை, காணாமல் போனதை. அவள் இல்லாத நாளில் அவள் பெயர் பதிந்ததை. அவள் திரைக்குக் கிட்டே வந்து, அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

வரி போனதாகப் பதிந்திருந்தது அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களில், தூக்கக் கலக்கத்தில் தானேதான் எடுத்துவிட்டோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்ததாகச் சொன்னாள். எடுத்த மாதிரியே ஒரு ஞாபகம்கூட வந்துவிட்டதாம். எந்த நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தாள் என்பதுவரை. அந்த மணப்பெண் யார், எந்தத் தெரு என்று விசாரித்துப் போய்க் காலில் விழலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள்.

வேலைக்குத் திரும்பி வா, அவர்களே கூப்பிடுகிறார்கள் என்றேன். அவள் தலையை அசைத்தாள்.

"வரலண்ணே. அங்க வந்து உக்காந்தா, இதை நான்தான் எழுதுனேனான்னு ஒவ்வொரு வரியையும் பாத்துக்கிட்டே இருப்பேன். எங் கையை நானே நம்ப மாட்டேங்குறேன்."

நான் வற்புறுத்தவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரி இருந்தபோது ஏஜென்ட் என்ன செய்தது என்று மறுபடி காட்டச் சொன்னாள். காட்டினேன். அசலா நகலா என்று அது கேட்டு நின்றதைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். அதற்கடுத்ததையும்.

"எல்லாத் தடவையும் கேட்டுச்சாண்ணே?"

எல்லாத் தடவையும் என்றேன்.

"அன்னைக்கு அந்த ரூம்ல அம்புட்டுப் பேரு இருந்தாங்க. 'நீதான் எடுத்தே'ன்னு காமிச்சாங்களே தவிர, 'நீயா எடுத்தே'ன்னு ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கலண்ணே. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்ல," என்றாள்.

மடிக்கணினியை மெதுவாக மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க ஒருத்தருதான் கேட்டிருக்கீங்க. அதுவும் மிஷினுகிட்ட."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.